ஒரு பேரில் இரண்டு கை

கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி விளையாடும் விளையாட்டுகளில் எழும் சண்டை சச்சரவுகளை விசாரித்துத் தீர்ப்பதுதான் அவர்களுடைய தொழில். இந்தப் பக்கத்தில் அந்த வேலையை முதலில் பார்த்தவன் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் பார்த்ததற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை. இடுப்பு வலியும் கண் எரிச்சலும்தான் மிச்சம். ஓய்வூதியம் என்ற பேச்சே அந்த வேலையில் கிடையாது.

வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை கேட்டது: "ஒரே ஆளோட பேர்ல ரெண்டு பேர் விளையாடினா, நீங்க அந்தக் காலத்தில என்ன செய்வீங்க சேர்?"

"நீங்க என்னம்மா செய்வீங்க?" என்றேன்.

"அதுக்கு ஒரு பட்டன் இருக்கு சேர். அமத்தினா பேர் போயிரும். யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்ல."

தேநீர் கொடுத்து, பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியைச் சொல்லும் தெம்பு அன்று இருக்கவில்லை. இப்போதும் பெரிதாக இல்லை. ஆனால் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விட்டது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

இன்றைய விளையாட்டுகளில் எல்லாம் படம். எங்கள் விளையாட்டில் ஒரு படம்கூட இருக்கவில்லை. கறுப்புத் திரை, அதில் எழுத்து, அவ்வளவுதான். 'நீங்கள் ஒரு கல் பாலத்தின் மேல் நிற்கிறீர்கள். வடக்கே கோட்டை வாசல். கிழக்கே ஆற்றங்கரை. ஒரு காவலன் உங்களை முறைத்துப் பார்க்கிறான்' என்று ஆங்கிலத்தில் வரும். 'வடக்கு' என்று தட்டினால் கோட்டை வாசலுக்குப் போய்விடுவீர்கள். வாள், பேய், பூதம், மந்திரவாதி எல்லாமே வார்த்தைகள்தான். உலகத்தின் மூலை முடுக்குகளில் இருந்து ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானோர் அந்த ஊருக்குள் நடமாடுவார்கள். ஆளுக்கொரு புனைபெயர். ஒருவர் தட்டுவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். விளையாட்டின் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். நான் அதைப் பட்டணம் என்றே சொல்லிப் பழகியவன்.

தேயிலைத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில், வேலையாட்களின் தினப் பேரேடான செக்ரோல் எழுதிக்கொண்டிருந்த நான் பட்டணத்துக்குள் புகுந்தது மழையால். தொண்ணூறுகளில் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது கந்தோரில் ஆள் குறைத்தார்கள். றக்வானைக்கு இறங்கிவந்து, கடைவீதியில் ஹாஜியார் ஒருவருடைய கொமினிகேஷன் கடையில் சேர்ந்தேன். தொலைபேசி, போட்டோக் கொப்பி, அதோடு இரண்டு கணினிகள். மழை பிடித்தால் எங்கள் லைன் இழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு படம் இறங்கி முடிவதற்குள் பிளேன்டீ குடித்துவிட்டு வெற்றிலையும் போட்டுவிடலாம். எழுத்து மட்டும் எந்த மழையிலும் வந்துகொண்டிருந்தது. ஆகவே கடையில் ஆள் இல்லாத காலை நேரங்களில் எழுத்தாலேயே ஆன அந்த ஊருக்குள் நடக்கத் தொடங்கினேன். அங்கே இரவு, இங்கே காலை. இங்கே மலைக்கு ஆள் ஏறும் நேரத்தில்தான் அங்கே கூட்டம் களை கட்டும்.

ஒருநாள் எவனோ என் மூட்டையைத் திருடிவிட்டான். கோபத்தில், துரைக்கு எழுதுகிற மாதிரியே, தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன் என்று தொடங்கி ஒரு முறைப்பாடு எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான், பட்டணத்து விசாரணைகளுக்குப் பொறுப்பாக இருந்த ரூத் என்னை வேலைக்கு எடுத்தார். அவருக்கு என் ஆங்கிலம் வேடிக்கையாக இருந்ததா, பிடித்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "என்ன கிளாக்கர், வெள்ளக்காரங்களோட வழக்குக்கு நீங்க கோடு நடத்தப் போறீங்களா? நடத்துங்க, நடத்துங்க. கடைக்கு வாற ஆளயும் கொஞ்சம் கவனிங்க" என்றார். ஓரத்தில் இருந்த கணினியை எனக்கென்று விட்டுக்கொடுத்தார். அவ்வளவு பெரிய மனசு எல்லோருக்கும் வராது.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சில வாரம் கட்டளைகளை மனப்பாடம் செய்தேன், சில வாரம் ரூத்துக்குப் பின்னால் நிழலாகத் திரிந்தேன், பிறகு தனியாக விட்டார்கள்.

ரூத் என்பது அவருடைய உண்மைப் பெயரா என்றுகூட எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. வட அமெரிக்காவில் எங்கேயோ இருந்தார். எங்கள் பெரியதுரை கத்தினால் தொழிற்சாலை வரை கேட்கும், கத்தி முடித்ததும் மறந்துவிடுவார். ரூத் கத்தியதே கிடையாது. மூன்று பக்கம் அறிக்கை எழுதி அனுப்பினால் ஒரு வரி திரும்பி வரும். 'நீங்கள் நினைத்ததை எழுதியிருக்கிறீர்கள். பார்த்தது எங்கே?' மறுபடியும் எழுதுவேன். 'இன்னும் நினைக்கிறீர்கள்' என்று வரும். துரையின் கத்தலை நூறு தடவை வாங்கிவிடலாம், ரூத்தின் ஒரு வரியை வாங்க முடியாது.

நாங்கள் நினைத்தால் இடி மின்னலோடு தோன்றலாம், மற்ற அதிகாரிகள் அப்படித்தான் செய்வார்கள். ரூத் செய்யமாட்டார். ஓர் இடத்துக்கு அவர் வந்திருந்தால், அந்த இடத்தைப் பற்றிய வருணனையின் கடைசியில் ஒரு வரி கூடியிருக்கும். 'ஒரு பெண் விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.' விளையாடுகிறவர்கள் அவசரத்தில் கடைசி வரி வரை படிக்கமாட்டார்கள். அவர் பாட்டுக்கு விளக்கைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

விசாரணைக்கு அவர் வகுத்த முறை இது. முறைப்பாடு வந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போய் நின்று பார்க்க வேண்டும். பிறகு சம்பந்தப்பட்டவர்களை ஒவ்வொருவராக, கதவே இல்லாத ஓர் அறைக்கு அழைக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தைகளில் கேட்க வேண்டும். எனக்குத் தெரியும் என்று சொல்லக்கூடாது. மிரட்டக்கூடாது. முதலில் சொன்ன பதில்தான் பதில். இரண்டாம் தடவை கேட்டால் வருவது பதில் இல்லை, ஒத்திகை என்பார்.

ஒரு வாளுக்கு இரண்டு பேர் உரிமை கோரிய வழக்கில், பிடியில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டோம். ஒருவன் மறந்துவிட்டது என்றான். மறுநாள் வந்து, ஞாபகம் வந்துவிட்டது, பருந்து என்றான். பருந்துதான். ஆனாலும் வாள் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் என்னைத் திட்டித் திட்டி எழுதிக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு அது சரியாகவே பட்டது. பருந்து என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்தானே.

தண்டனையில் மூன்று படி. வாயைக் கட்டுவது, கோபுரத்தில் அடைப்பது, பேரை அழிப்பது. அழித்தால் அந்தப் பேரில் வருஷக்கணக்காகச் சேர்த்த எல்லாம் போய்விடும். அந்தப் பேரை வேறு யாரும் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒருவருக்கு ஒரு பேர், ஒரு பேருக்கு ஒருவர் என்பது பட்டணத்தின் தலையாய சட்டம். அதை மீறியவர்களுக்கு முதல் இரண்டு படி கிடையாது, நேரே அழிப்புத்தான். யாரோடு பேசுகிறோம் என்ற நம்பிக்கை போய்விட்டால், எழுத்தால் கட்டிய ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று ரூத் கேட்பார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இனி காந்தள்.

பட்டணத்துக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஒரு குடிசை. அதில் காந்தள் என்ற பேரில் ஒரு வைத்தியச்சி இருந்தாள். வைத்தியம் அங்கே லேசான காரியம் இல்லை. காயம்பட்டவனைக் கொண்டுவந்து போட்டால், காயத்தின் ஓரம் கறுத்திருக்கிறது, மூச்சில் புளித்த வாசம் என்று திரையில் ஏதாவது வரும். அதைப் படித்து, அது விஷமா, சீழா, சாபமா என்று தீர்மானிக்க வேண்டும். அதற்குரிய இலை எந்தக் காட்டில், எந்தப் பாறைக்குப் பின்னால் முளைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். போய்ப் பறித்துவந்து கழுவி, பூசி, கட்ட வேண்டும். இலை மாறினால் ஆள் காலி. காந்தளின் கையில் செத்தவர்கள் மிகக் குறைவு. குடிசை வாசலில் ராஜாக்களும் திருடர்களும் ஒன்றாக வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களுடைய பகல் நேரத்துக்கு இன்னோர் அதிகாரி தேவைப்பட்டார். காந்தளைக் கேட்கலாம் என்று எனக்கு எழுதிய ரூத், காந்தளுக்கும் ஒரு வரி போட்டிருந்தார். மாதச் சம்பளம் உள்ள வேலை. அதே வாரத்தில் ஒரு போர்வீரன் முறைப்பாடு செய்தான். காந்தள் ஒரு ஆள் இல்லை, காலையில் வாய் ஓயாமல் பேசுகிறாள், பின்னேரம் போனால் யாரென்றே தெரியாத மாதிரி இருக்கிறாள், இது இயந்திரம் அல்லது கும்பல் என்று. காந்தளின் இணைப்பு இலங்கையில் இருந்து வருகிறது, நீங்களே பாருங்கள் என்று ரூத் என்னிடம் தந்தார்.

மூன்று நாள் குடிசையில் கண்ணுக்குத் தெரியாமல் நின்றேன். காலையில் வரும் காந்தள், 'தலையையாவது கொண்டுவந்தாயே, உட்கார்' என்று நல்ல ஆங்கிலத்தில் நையாண்டி செய்வாள். ஆனால் இலை பறிக்கப் போனால் நின்று நின்று போவாள். பின்னேரத்துக் காந்தள் பேசமாட்டாள். 'உட்கார். பொறு. சரி.' இவ்வளவுதான். ஆனால் கை ஓயாது. எந்தக் காட்டுக்கும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் போய் வருவாள்.

வேறு யாராவது என்றால் இயந்திரம் என்றே முடிவு செய்திருப்பார்கள். நான் செக்ரோல் எழுதியவன். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பேர் போட்டால், அதாவது ஒருநாள் வேலையைப் பதிந்தால், அவள் கூடையில் அவள் கை மட்டுமா கொழுந்து போடும்? தன் பங்கு வேலை முடிந்த புருஷன் வந்து நாலு பிடி கிள்ளிப் போடுவான், வீட்டில் இருக்கும் தங்கச்சி ஒரு கை கொடுப்பாள். தராசில் எல்லாம் ஒரே பேரில்தான் விழும். அதைக் களவு என்று யாரும் நினைத்ததில்லை. முற்றல் இலை இல்லாமல் இருந்தால் கணக்கப்பிள்ளையும் கேட்கமாட்டார், நானும் பேரைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

நாலாம் நாள் காலையில், ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துக் கேட்டேன். "எந்தத் தோட்டம்மா?"

திரையில் பதில் வந்தது. "அனே! நீங்க நம்ம ஆளுங்களா?"

நான் வேலை பார்த்த தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளி இருந்தது அவர்களுடைய தோட்டம். விளையாடுகிறவர்களை நேரில் சந்திக்கக்கூடாது என்பது விதி. ரூத்திடம் கேட்டேன். பஸ்ஸில் போகும் தூரம் என்றால் போய்ப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள் என்றார்.

மலைப் பாதையில் குலுங்கிக் குலுங்கி, பிறகு குறுக்குப் படியில் ஏறி, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில், பக்கத்து அறையில் ஒரு கணினி. ஏதோ தொண்டு நிறுவனம் கொடுத்தது. கூடவே கம்பியில்லாத் தொலைபேசி ஒன்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயந்தி படித்த பெண். காலைக் காந்தள் அவள்தான். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு விளையாடுவாள். பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பின்னேரம் இன்னொரு பெண் வந்தாள். கூடையை வெளியே வைத்து, பீலியில் ஒழுகும் தண்ணீரில் கையைக் கழுவி, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு வயசு மகள் ஓடிவந்து மடியில் ஏறியது. அவள் சரோஜினி. ஜெயந்தியின் அண்ணி.

"அண்ணி, கிளாக்கரய்யா நம்மள புடிச்சிக்கிட்டு போக வந்திருக்காரு" என்று ஜெயந்தி சிரித்தாள்.

"இருக்கட்டும். மொதல்ல ஐயாவுக்கு தேத்தண்ணி ஊத்திக் குடு" என்றாள் சரோஜினி. கண் திரையிலேயே இருந்தது. யாரோ ஒரு திருடனின் தோளில் அம்பு. ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான். ஆனால் காயத்துக்கான வார்த்தைகளை முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வது போலத் தெரிந்துவைத்திருந்தாள். மகளைத் தாடையால் ஒதுக்கிவிட்டு ஒற்றை விரலால் தட்டினாள். திருடன் எழுந்து போனான்.

சட்டத்தைச் சொன்னேன். ஒரு பேருக்கு ஒருவர். மீறினால் பேர் அழிந்துபோகும்.

சரோஜினிக்கு அது விளங்கவே இல்லை. "ஒரு பேர்ல ரெண்டு கை போட்டா என்னங்கய்யா? நீங்க செக்ரோல் எழுதுன காலத்தில, கொழுந்து யாரு கிள்ளுனான்னா பாத்தீங்க? கொழுந்து நல்லாருக்கான்னுதானே பாத்தீங்க."

தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவள் மகளைக் கழுவிவிட வெளியே போனபோது ஜெயந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணிக்கு பாஸ்போட் வந்திருச்சுங்க. மெடிக்கலும் முடிஞ்சிருச்சு. டிக்கட் வந்தா குவைட்டுக்கு போயிருவாங்க. அண்ணனுக்கு மாணிக்கக் குழியில மண்ணு சரிஞ்சு இடுப்பில அடிபட்டதில இருந்து ஒரு வேலையும் முடியாது. நான் இங்க வாங்குறது எதுக்குங்க காணும்? அந்த வெள்ளக்காரம்மா ஏதோ வேலை தாரேன்னு காந்தளுக்கு எழுதியிருந்தாங்களே, அது நெசமாங்க?"

"நெசந்தான்."

"அது கெடச்சா அண்ணி போகவேணாங்க. ரெண்டு பேர்ல யாருக்கு கெடச்சாலும் ஒரே அடுப்புதானே."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீலிக்குப் பக்கத்தில் சரோஜினி மகளின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது தண்ணீரை அடித்து அவள் முகத்தில் தெறிக்க வைத்துச் சிரித்தது. அவள் "ஏய் கழுத" என்றாள். அது "நீதான் கழுத" என்றது.

றக்வானைக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. குவைத்தையும் எழுதினேன், செக்ரோல் வழக்கத்தையும் எழுதினேன். மறைத்திருக்கலாமே என்று பிற்பாடு ஹாஜியார் கேட்டார். பொய்க் கணக்கு எழுதுவதாக இருந்தால் நான் தோட்டத்திலேயே எழுதி வீடு கட்டியிருப்பேன் என்றேன்.

இருவரையும் தனித்தனியாகப் பார்க்கிறேன் என்று ரூத் பதில் போட்டார். சரோஜினிக்கு மொழிபெயர்க்க நான் கூட இருக்க வேண்டும். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் மலை ஏறினேன். பிள்ளைக்காம்பரா வெறுமையாக இருந்தது. சரோஜினி மகளோடு கீழே லயத்து வீட்டில் இருந்தாள். ஜெயந்தி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவில்லாத அறை திரையில் வந்தது. ஒரு பெண் விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ரூத் கேட்டார்: 'காந்தள் யார்? அவர் இந்தப் பேரையும் வேலையையும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர் இனி இந்தப் பேரைத் தொடக்கூடாது.'

என் நெஞ்சு லேசானது. இவ்வளவு இறங்கிவந்து அவர் யாருக்கும் வழி விட்டு நான் பார்த்ததில்லை. இருவரில் ஒருத்தி நான்தான் என்றும், மற்றவள் அவள்தான் என்றும் சொன்னால் போதும். இருவரில் யார் நான்தான் என்றாலும் குவைத் இல்லை.

ஜெயந்தி என் பக்கம் திரும்பவில்லை. யோசிக்கவும் இல்லை. மளமளவென்று அடித்தாள். 'காந்தள் என் அண்ணிதான். எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் அவருடைய வாய் மட்டும்.'

நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அவளை அனுப்பி சரோஜினியை வரச் சொன்னேன். இருவரும் வழியில் பேசிக்கொள்ளாதபடி ஜெயந்தியைப் பின்வாசலால் போகச் செய்தேன், முறை அப்படி. சரோஜினி வந்து உட்கார்ந்தாள். அதே கேள்வி, அதே வார்த்தைகள். தமிழில் சொன்னேன்.

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயந்திதான்னு எழுதுங்கய்யா. நான் சும்மா கூட உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவ."

அவள் சொன்னது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் அவள் திருடனை எழுப்பி அனுப்பியதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். யோசித்துச் சொல்லும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது மொழிபெயர்க்க, அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்ல அல்ல. வாளுக்கு வந்தவனுக்கு இல்லாத இரண்டாம் தடவை என் ஊர்க்காரிக்கு மட்டும் எப்படி இருக்கும்? சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன். அதற்காக நெஞ்சு வலிக்காத நாளும் கிடையாது.

ரூத்திடம் இருந்து எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு வரி வந்தது. 'நீங்கள் என்ன பார்த்தீர்கள்?'

'இருவரையும் பார்த்தேன்' என்று எழுதினேன். தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போடுவோம். அந்த மாதிரி ஆளுக்கு அரைப்பேர் போட்டு, ஒரே வேலையை இருவருக்கும் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அவ்வளவு காலத்தில் அவரிடம் நான் கேட்ட ஒரே சலுகை அது.

மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டும் பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதில் வர ஒரு வாரம் ஆனது. 'நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். ஒரு சம்பளத்துக்கு ஓர் ஆள் என்கிறார்கள். இருவரில் ஒருவராவது நான்தான் என்று சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்திருப்பேன். இத்தனை வருஷத்தில் பேருக்காக அடித்துக்கொள்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்கிறவர்களுக்கு என்னிடம் விதி இல்லை.'

அழிப்பதை நானே செய்கிறேன், உங்களுக்கு வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். குடிசைக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் வழக்கம்போல ஐந்தாறு பேர் காயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்தது. யாரோ ஒருவன் காந்தளைக் கூப்பிட்டான். அப்படி ஒருவரும் இல்லை என்று திரை சொன்னது.

செய்தியைச் சொல்ல நானே போனேன். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க? எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதானே! நான்னு சொல்லி, அந்தம்மா ஒரு காயத்தக் காட்டி இதுக்கு என்ன எலைன்னு கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேனே!" ஜெயந்தி அழுதேவிட்டாள்.

"எனக்கு இங்கிலிசு வருமாடி? வேலைய வாங்கிக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டா இருக்க ஏலும்? மறுநாளே வெரட்டிருவாங்க. நீ படிச்சவ, ஒனக்குன்னா நெலைக்கும்னு நெனச்சேன்." சரோஜினி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான். யார் மேல் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இருவர் சொன்னதிலும் குற்றம் காண முடியாது. வேலை யார் கையில் நிலைக்கும் என்று அவரவர் புத்திக்குப் பட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் கெட்டிக்காரிகள். அதனால்தான் கெட்டது.

ஜெயந்தி புதுப் பேரில் முதலில் இருந்து தொடங்கலாம் என்று ரூத் அனுமதி கொடுத்திருந்தார். அதைச் சொன்னேன். "ஒத்தையா போக மனசில்லங்கய்யா" என்றுவிட்டாள். மாதம் முடிவதற்குள் டிக்கட் வந்தது. சரோஜினி போய்விட்டாள்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. திருடர்களையும் பொய்யர்களையும் கதவில்லாத அறைக்குக் கூப்பிட்டு, முதல் பதிலை வாங்கி, எழுதிக்கொண்டிருந்தேன். முன்பு இருந்த சூடு இல்லை. படம் உள்ள விளையாட்டுகள் வந்து, பட்டணத்தில் ஆள் குறைந்துகொண்டே போனது. போர் முடிந்த வருஷத்தில் கம்பனி அதை இழுத்து மூடியது. கடைசிக் காலையில் நானும் ரூத்தும் மட்டும் கல் பாலத்தின் மேல் நின்றோம். 'அந்தப் பெண் போய்விட்டாரா?' என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 'போய்விட்டார்' என்றேன். அவ்வளவுதான் எங்கள் பிரியாவிடை.

அதற்குப் பிறகு, சரோஜினி திரும்பி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒருமுறை லயத்துக்குப் போனேன். ஆள் இளைத்திருந்தாள். தரையில் புதுச் சீமெந்து, சுவருக்கு வெள்ளை. ஜெயந்தி உள்ளே சரோஜினியின் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அது நன்றாக வளர்ந்துவிட்டது.

"அந்தம்மா நல்லாருக்காங்களாய்யா?" என்று சரோஜினி ரூத்தைப் பற்றிக் கேட்டாள். தெரியாது என்றேன்.

உள்ளே இருந்து பிள்ளையின் குரல் கேட்டது. "அத்த, வலிக்குதுடி, மெதுவா வாரு!" பிறகு பின்னலோடு வெளியே வந்து, வாசலில் நின்று, சரோஜினியைப் பார்த்து நல்ல பிள்ளையாகக் கேட்டது. "நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சிட்டேன் சாமி" என்றாள் சரோஜினி. அது உள்ளே ஓடிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நீ, வா, போன்னு கூப்பிடுறதெல்லாம் ஜெயந்தியத்தாங்கய்யா. என்னை நீங்க, வாங்கன்னுதான். நல்ல மரியாத தெரிஞ்ச புள்ளன்னு லயமே சொல்லுது."